கரும்பு ஜூஸ் வண்டியை இழுத்த பைக்கை வாங்கலாமா?

கேள்வி, 9 மார்ச் 2024

அண்ணே, வேடசந்தூர் பக்கம் ஒரு பைக் விலைக்கு வந்திருக்கிறது. 100 சிசி, நாலு கியர், 2016 மாடல், ஒரே ஓனர். மீட்டர் 31,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. 24,000 ரூபாய் சொல்கிறார்கள். ஓனர் கரும்பு ஜூஸ் கடை வைத்திருப்பவர். பைக்கின் பின்னால் கொக்கி போட்டு ஜூஸ் மெஷின் வண்டியைத் தினமும் இழுத்துப் போவாராம். பைக் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. எனக்கு வேலைக்குப் போய்வர தினமும் 30 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எட்டு வருடத்துக்கு இந்த ஓட்டம் குறைவுதானே, வாங்கிவிடலாமா?

9 மார்ச், இரவு

வாங்காதீர்கள் தம்பி. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.

10 மார்ச்

2011-இல் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் ஒரு பைக் வாங்கினேன். திண்டுக்கல்லில் பழைய இரும்பு வியாபாரம் செய்தவருடைய வண்டி. பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் மாட்டித் தெருத்தெருவாகப் போய்வருவார். மீட்டரில் 28,000. பெயின்ட் மங்கவே இல்லை. 19,000 ரூபாய்க்குப் பேசி முடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தேன். சமதளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

நான்காம் நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குக் கிளம்பினேன். மேலே போக 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ, அந்த வளைவில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, பைக் நகரவில்லை. கூடவே கருகல் நாற்றம். மனைவி இறங்கி நடந்தாள். நான் பைக்கைத் திருப்பி, கியரில் போட்டு, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் வலது பக்க மூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் பிளேட்டுகளில் பிடிப்புத் தரும் கட்டை அநேகமாக ஒன்றுமே இல்லை. இடையில் இருக்கும் இரும்புத் தகடுகள் சூடேறிச் சூடேறி நீலம் பாய்ந்திருந்தன. கிளட்ச் ஹவுசிங் விரல்களில் பிளேட் இடித்து இடித்துக் காடி விழுந்திருந்தது. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஆயில் ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரிக் கசடு. இந்த வகை இன்ஜின்களில் கிளட்ச் ஊறுவதும் இன்ஜின் ஆயிலில்தான். கிளட்ச் தேய்ந்தால் அந்தத் தூள் அதே ஆயிலில் கலந்து பிஸ்டன், கேம் வரைக்கும் போகும். இரண்டு மாதம் கழித்துப் போரும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலையும், போட வேண்டியிருந்தது. மொத்தம் 8,400 ரூபாய். 19,000 ரூபாய் பைக்குக்கு.

மீட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான். பின்னால் என்ன கட்டியிருந்தது என்று அதற்குத் தெரியாது. பைக் 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூஸ் மெஷின் வண்டி, அதன் இன்ஜின், கரும்புக் கட்டு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இத்தனையையும் நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது முதல் கியரும் அரைக் கிளட்ச்சும்தான். தனியாக ஓடும் பைக்கின் கிளட்ச் ஒரு நொடியில் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். இழுக்கும் பைக்கின் கிளட்ச் நாலு நொடி, ஐந்து நொடி வழுக்கிக்கொண்டே நகரும். தேய்மானம் முழுவதும் அந்த நொடிகளில்தான்.

10 மார்ச், சாயங்காலம்

சூட்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. இந்தப் பைக்குகளுக்கு ரேடியேட்டர் கிடையாது, ஓடும்போது அடிக்கும் காற்றில்தான் இன்ஜின் குளிர வேண்டும். 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் பாதிக்கு மேல் ஆக்சிலரேட்டரைத் திருகி இழுத்துப் போனால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், காற்று வராது. ஜூஸ் கடைக்கு ஓட்டமெல்லாம் மாசியிலிருந்து ஆனி வரை, அதுவும் நம் ஊர் வெயிலில். ஆயில் தண்ணீராகி, ரிங்கும் போரும் சீக்கிரம் தேயும்.

11 மார்ச்

"வாங்காதே என்று சொல்வது சுலபம், எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

முதலில் கிளட்ச். மூன்றாவது கியரில் 25 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டிப்பார்க்க விடவில்லை என்றால், நின்ற இடத்திலேயே நாலாவது கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் சட்டென்று இன்ஜினை அணைத்துவிடும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் ஆட்டம் முடிந்தது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அடுத்தவர் வண்டி.

அப்புறம் பின் சக்கரம். எனக்குத் தெரிந்து இழுவை வண்டியின் உண்மை அங்கேதான் இருக்கிறது. மெயின் ஸ்டாண்ட் போட்டுப் பின் டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டொக்' என்று கேட்டால் ஒன்று வீல் பேரிங், இல்லையென்றால் பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் புஷ். டிரெய்லர் ஒவ்வொரு திருப்பத்திலும் பைக்கின் வாலைப் பக்கவாட்டில் இழுப்பதால் முதலில் அடிவாங்குவது இந்தப் புஷ்தான். அடுத்து, கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். செயின் இறுகிய பிறகும் சக்கரம் நன்றாக ஆடினால், சக்கரத்துக்குள் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் போயிருக்கிறது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஒரு ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

செயினைப் பார்க்க வண்டியின் சாவி தேவையே இல்லை. பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் அட்ஜஸ்டரில் கோடுகள் இருக்கும். ஆக்சில் கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டதென்றால் செயின் நீண்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம். செயின் புதிதாக இருந்தால் நல்ல அறிகுறி.

பிரேக்கும் முக்கியம். பின்னால் மாட்டும் அந்த வண்டிகளுக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. நிறுத்தும்போது 250 கிலோவும் பின்னாலிருந்து தள்ளும், எல்லாவற்றையும் பைக்கின் சின்ன டிரம்தான் தாங்க வேண்டும். கொக்கியில் விழும் எடை பின்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் ஷாக் அப்சார்பரும் உட்கார்ந்து போயிருக்கும்.

12 மார்ச்

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. இரண்டையும் திருத்திவிடுகிறேன்.

செயின் புதிதாக இருந்தால் நல்ல அறிகுறி என்று எழுதினேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி எழுதியிருக்கிறார்: விற்பதற்கு முன்னால் செயினை மட்டும் மாற்றிவிட்டுப் செயின் ஓடும் பல்சக்கரமான பழைய ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விடுவது வழக்கமாம். தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் கெடும். எனவே மூடியைக் கழற்றிப் பல்லைப் பாருங்கள். பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலைபோல் வளைந்திருந்தால் மொத்தச் செட்டையும் மாற்ற வேண்டும். அவர் சொல்வதுதான் சரி.

இரண்டாவது, எடை எப்போதும் பின்பக்கத்தை அழுத்தும் என்றது பாதிதான் உண்மை. வண்டியில் கனம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மெஷின் வண்டியின் அச்சுக்கு முன்னால் இருந்தால் கொக்கி கீழே அழுத்தும், பைக்கின் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடிப்பு குறையும். மெஷின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் வண்டி தராசு மாதிரி ஏறி, கொக்கி பைக்கின் வாலை மேலே தூக்கும். பின்சக்கரத்தில் எடை குறைந்து, பிரேக் போட்டால் வழுக்கும். இந்த இரண்டாவது வகையில் ஷாக் அப்சார்பர் நன்றாகவே இருக்கும், ஆனால் கேரியர் போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அதனால் ஷாக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், போல்ட் துளைகளையும் பாருங்கள்.

13 மார்ச்

சென்னையில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்களே, அதுவும் இதுதானே என்று கேட்டவருக்கு: இல்லை. மீன்பாடி வண்டி முழுதும் வேறு சமாச்சாரம், மூன்று சக்கர மிதிவண்டியில் இன்ஜினை ஏற்றியது. குஜராத்தின் சக்கடா வண்டியில் புல்லட்டின் முன்பாதியை வெட்டி வண்டியோடு சேர்த்திருப்பார்கள். அவற்றை மறுபடி பைக்காக யாரும் விற்க முடியாது. நாம் பேசுவது கொக்கியைக் கழற்றினால் சாதாரணப் பைக் மாதிரியே தெரியும் வண்டியைப் பற்றி. ஏமாறுவதும் அதில்தான்.

14 மார்ச்

பெட்ரோல் தீர்ந்த நண்பன் வண்டியைக் காலால் தள்ளிக்கொண்டு போவதும் இழுவைக் கணக்கில் வருமா என்று ஒரு கேள்வி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பங்க் வரைக்கும் தள்ளுவதால் கிளட்ச் போகாது. கால் போகும், விழுந்தால் இரண்டு பேரும் போவீர்கள். என் சித்தப்பா மகன் வத்தலக்குண்டு ரோட்டில் அப்படி விழுந்து ஆறு வாரம் கட்டுப்போட்டு இருந்தான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

16 மார்ச்

இன்று மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஜூஸ் வண்டி போடுகிறார்கள். இந்த விவாதம் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் கடை அடைக்கும் நேரத்தில் போய் வீட்டுக்காரரிடம் அவர் பைக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பாருங்கண்ணே, பிள்ளை மாதிரி வச்சிருக்கேன்" என்றார். நிஜமாகவே அப்படித்தான் வைத்திருக்கிறார். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில். வருடம் ஒரு முறை, சீசன் தொடங்குவதற்கு முன் தை மாதத்தில், கிளட்ச் பிளேட். தேதியெல்லாம் கரும்பு வாங்கிய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பைக் நின்றால் அன்றைக்குக் கடை இல்லை, வாங்கிவைத்த கரும்பும் காய்ந்துபோகும், அதனால் தள்ளிப்போடவே முடியாது என்கிறார்.

அதே தெருவில் என் மைத்துனர் பைக் நிற்கிறது. ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டி. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டையும் என் முன்னால் நிறுத்தி எதை வாங்குவாய் என்று கேட்டால், இப்போது நான் அந்த ஜூஸ் வண்டிப் பைக்கைத்தான் எடுப்பேன்.

2011-இல் எனக்கு நேர்ந்ததற்குக் காரணம் அது டிரெய்லர் இழுத்த வண்டி என்பது மட்டும் இல்லை. அந்த இரும்பு வியாபாரி இழுத்தார், பராமரிக்கவில்லை. நானும் எதையும் திறந்து பார்க்கவில்லை. 'வாங்காதீர்கள்' என்று 9-ஆம் தேதி ஒரே வார்த்தையில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு நான் விடாப்பிடியாக நிற்பது ஒரே விஷயத்தில்தான். அது ஃப்ரேம். கிளட்ச், செயின், புஷ், போர் எல்லாம் காசு கொடுத்தால் மாறிவிடும். கொக்கிக்காக ஃப்ரேமில் வெல்டிங் வைத்திருந்தால், அல்லது ஃப்ரேம் விரிசல் விட்டு ஒட்டியிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு பலம் மாறிவிடும், அடுத்த விரிசல் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வரும். 60 வேகத்தில் அது வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

17 மார்ச்

பேப்பர் விஷயம் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. டிரெய்லரும் அந்தச் சட்டத்தில் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். தெருவில் பிழைப்பு நடத்துபவரிடம் போய் இதைச் சொல்லி மிரட்டி விலை குறைக்கச் சொல்லவில்லை, அது பாவம். உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கு முன்னால் கொக்கி கழன்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரோடு தகராறுக்கு இடம் இருக்கக் கூடாது.

பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ஃபாரம் 35-உம் வேண்டும். 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016 வண்டிக்கு ஆர்சி 2031 வரை செல்லும், அது நல்லதுதான்.

19 மார்ச்

சின்னதாக ஒன்று. ஃப்ரேம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் அப்பா காட்டிய வழி: தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் நேராக ஓட்டிப்போய், பின்னால் விழும் ஈரத் தடத்தைப் பார்ப்பது. ஒற்றைக் கோடாக விழுந்தால் சரி. இரண்டு கோடாகப் பக்கம் பக்கமாக விழுந்தால் சக்கரங்கள் ஒரே நேரில் இல்லை. அது செயின் அட்ஜஸ்டரை ஒரு பக்கம் கூடுதலாகத் திருகியதாலும் இருக்கலாம். முதலில் அதைச் சரி செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் இரண்டு கோடு என்றால் விட்டுவிடுங்கள்.

24 மார்ச், ஞாயிறு

இன்று காலை கேள்வி கேட்ட தம்பியோடு நானே வேடசந்தூர் போய்வந்தேன். இருபது கிலோமீட்டர்தான், எழுதிக்கொண்டே இருப்பதற்கு நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கடை போடுவதற்கு முன்னால், ஆறரை மணிக்கே போய்விட்டோம். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நாங்கள் வருவது தெரிந்து முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கவில்லை என்பதே எனக்குப் பாதி திருப்தி. இரண்டாவது கிக்கில் எடுத்தது. புகை இல்லை. ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைத் திருகியும் நீலப் புகை வரவில்லை.

கிளட்ச் போயிருக்கிறது. மூன்றாவது கியரில் தெளிவாக வழுக்கியது. ஆக்சில் கடைசிக் கோட்டில் நிற்கிறது. கப்ளிங் ரப்பர் இல்லை என்றே சொல்லலாம். ஸ்விங் ஆர்மில் லேசான ஆட்டம். பின் ரிம் கொஞ்சம் கோட்டம், ஸ்போக் இறுக்கினால் சரியாகும்.

ஃப்ரேமுக்காக சீட்டைக் கழற்றச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் அவரே ஸ்பேனர் எடுத்துவந்து கழற்றினார். கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கிறது, புது ஒட்டு எங்கேயும் இல்லை. கொக்கியைக் கேரியர் போல்ட்டிலும் பின் ஃபுட்ரெஸ்ட் குழாயிலும் பட்டை இரும்பு கொடுத்து நட்டு போட்டுத்தான் மாட்டியிருக்கிறார். வெல்டிங் வைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்களாம், "பின்னாடி விக்கும்போது எடுக்கவன் வயித்தெரிச்சல் எதுக்குண்ணே" என்று இவர் மறுத்துவிட்டாராம். கேரியர் துளைகள் நீண்டிருக்கின்றன. நான் சொன்ன தராசு வகைதான், மெஷின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீரை வாசலில் ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒற்றைக் கோடு.

விலை பேசும்போது நான் எதையும் மறைக்கவில்லை. கிளட்ச் செட், செயின் செட், ரப்பர், புஷ், ரிம் வேலை, கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5,500 ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். அவரும் கணக்குத் தெரிந்தவர். 'கிளட்ச் போனது தெரியும், புதுசு போட்டு விக்கலாம்னு நெனச்சேன், சீசன்ல நேரம் இல்லை' என்றார். 17,500-க்கு முடிந்தது. இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு இரண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இந்தப் பைக் ஏற்றத்தில் திணறுகிறதாம், 150 சிசியில் ஒன்றைப் பழசாகப் பார்த்து வைத்திருக்கிறார். கிளம்பும் முன் கொக்கியைக் கழற்றித் தர வேண்டும் என்றோம். அதற்காகவே காத்திருந்தவர்போல் குந்தி உட்கார்ந்து நாலு நட்டையும் கழற்றினார். கழற்றிய கொக்கியைத் துணியால் துடைத்து, நட்டு வாஷரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். புது வண்டிக்கு வேண்டும் அல்லவா.

தம்பி, கேரியரில் அந்த நாலு துளையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கிறது. நாளைக்கே உப்புக் காகிதத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். கிளட்ச் மாற்றும்போது அந்த ஃபில்டர் கிண்ணத்தையும் திறந்து கழுவச் சொல்லுங்கள், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.